பல்கலைக்கழக விடுதியும் பொங்கோல் விடுதியும்



தொற்று நோய் பரவும் காலத்தில் அரசாங்கம் கட்டளைகள் இடுகிறது. படித்தவர்கள் அவற்றை ஒழுங்காகக் கடைப்பிடிப்பார்கள், படிக்காதவர்கள் மீறுவார்கள் என்பது பலருடைய எண்ணம். தோட்டப்பள்ளி ஆசிரியர்களாகிய நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். நமக்கு அடுத்துள்ள சிங்கப்பூரின் அண்மைக்கால வரலாற்றைப் பார்த்தபின் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

2003ஆம் ஆண்டில் அங்கே சார்ஸ் என்னும் நோய் புகுந்தது. 238 பேரைப் பிடித்தது. 33 பேர் இறந்தனர். லிட்டில் இந்தியாவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத டான் டோக் செங் மருத்துவமனை இந்நோய்க்கென்றே ஒதுக்கப்பட்டது. மார்ச் 27 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. மீண்டும் திறந்தபின் மாணவர்களுக்குக் காய்ச்சல் பார்க்கும் கருவி கொடுக்கப்பட்டது. பிள்ளைகள் தாங்களே உடல் வெப்பத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளப் பழகினார்கள்.

நோய் ஓய்ந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்ட சமயத்தில், ஆகஸ்டு இறுதியில், ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவருக்குக் காய்ச்சல் கண்டது. அவர் ஆய்வுக்கூடத்தில் வேறொரு கிருமியைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர். அந்த மாதிரியில் சார்ஸ் கிருமி கலந்திருந்ததை அவர் அறியார். அவரோடு பழகிய 25 பேர் தனிமையில் வைக்கப்பட்டனர். ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை, மாணவரும் குணமடைந்தார்.

2003இல் ஏழு வயதில் காய்ச்சல் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு 2020இல் இருபத்து நான்கு வயது. அவ்வாண்டு கோவிட் நோய் வந்தபோது, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நாளுக்கு இரு முறை உடல் வெப்பத்தைப் பார்த்து அறிவிக்க வேண்டும் என்று கட்டளை பிறந்தது. ஐம்பது பேருக்கு மேற்பட்ட வகுப்புகள் கணினி வழிக்கு மாறின. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடே வீட்டுக்குள் இருந்தது. பாடங்களும் வீட்டுக்கே வந்தன. மாணவர்கள் அறையில் இருந்தபடியே படித்தார்கள். பெரும்பாலும் கட்டளைக்கு அடங்கியும் நடந்தார்கள்.

அதே தீவின் வடகிழக்கு மூலையில் பொங்கோல் என்னும் பகுதி இருக்கிறது. அங்கே எஸ்-11 என்ற பெரிய ஊழியர் தங்குவிடுதி இருந்தது. கட்டடங்களை எழுப்பும் தொழிலாளர் ஏறத்தாழ 13,000 பேர் அதில் தங்கியிருந்தனர். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் ஏராளம். 2020 ஏப்ரல் 5 அன்று அவ்விடுதி தனிமைப்படுத்தும் இடமாக அறிவிக்கப்பட்டது. பதினான்கு நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது; ஒருவரோடு ஒருவர் நெருங்கக்கூடாது.

இத்தகைய விடுதிகளில் பன்னிரண்டு பேர், பதினாறு பேர் என்று ஓர் அறையில் அடுக்குக் கட்டில்களில் படுத்திருப்பார்கள். மேல் கட்டிலில் இருப்பவன் இருமினால் கீழ் கட்டிலில் இருப்பவன் எங்கே விலகுவான்? கழிப்பறை பொது, குளியலறையும் பொது. அறையை விட்டு வெளியே வராதே என்ற கட்டளையைத் தொழிலாளர்கள் நிறைவேற்றினார்கள். நெருங்காதே என்ற கட்டளையை அந்த அறை நிறைவேற்ற விடவில்லை. ஏப்ரல் முடிவதற்குள் அந்த ஒரு விடுதியில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் உறுதியாயிற்று. ஆண்டு முடிவில் கணக்கெடுத்தபோது, சிங்கப்பூர் விடுதிகளில் இருந்த 3,23,000 ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப்பேரை நோய் தொட்டுச் சென்றிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதால் இறந்தவர்கள் மிகச் சிலரே. அந்த மட்டில் ஆறுதல்.

தோட்டப்புறத்தில் வாழும் நமக்கு இது புரியாத கதை அன்று. 2020 மார்ச் 18இல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, காய்ச்சல் கண்டவரைத் தனி அறையில் வையுங்கள் என்று லயத்து வீடுகளுக்குச் சொல்லப் போனோம். வீட்டில் ஏழு பேர், அறை இரண்டு. "எந்த அறையில வைக்கட்டும், நீங்களே சொல்லுங்க சார்" என்று ஒரு தாயார் கேட்டார். கையிலிருந்த துண்டறிக்கையில் அதற்கு விடை இல்லை. கடைசியில் அடுப்படியில் பாய் விரித்தார்கள்.

நோய்க்குப்பின், 2021இல், சிங்கப்பூர் அரசாங்கம் புதிதாகக் கட்டும் தங்குவிடுதிகளுக்கு விதிகளை மாற்றியது. ஓர் அறையில் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது. முன்பு பதினைந்து பேருக்கு ஒரு கழிப்பறை. இனி ஆறு பேருக்கு ஒன்று, அதுவும் அறையோடு சேர்ந்து.

பல்கலைக்கழக மாணவர்கள் 2020 ஆகஸ்டில் சிறு சிறு குழுக்களாக வகுப்புக்குத் திரும்பினார்கள். தங்குவிடுதித் தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தில் தேக்காவுக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. வார நாட்களில் அந்த அனுமதி தேவையில்லை என்றானது 2022 ஜூன் மாதத்தில்.