படுக்கைப்புண்ணும் நோயாளர் வலியும்: மருத்துவ வரலாற்றில் ஒரு நோக்கு

நெடுநாட் படுக்கையிற் கிடப்போரின் இடுப்பின் பின்புறத்திலும் குதிக்காலிலும் எலும்பு மேலெழுந்து நிற்கும் பிற இடங்களிலும் தோன்றும் புண்ணே படுக்கைப்புண்ணாகும். உடற்பாரம் குருதியோட்டத்தைத் தடைசெய்ய, அவ்விடத்துத் தசை இறந்துபடுவதால் அது உண்டாகின்றது. அதன் காரணம் பற்றியும் சிகிச்சை பற்றியும் மருத்துவர் எழுதியவை பல. அப்புண்ணுடையோர் பட்ட வலி பற்றி எழுதப்பட்டவையோ மிகச் சில. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதையே ஈண்டு ஆராய விழைகின்றோம்.

தொடக்கத்தில் நிலைமை இவ்வாறிருக்கவில்லை. பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புறுவாஸ் பாரே, 1569 ஆம் ஆண்டளவில், இன்றைய பெல்ஜியத்தின் மொன்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள கோட்டையொன்றிற்கு அழைக்கப்பட்டார். அங்கே தோரேக் கோமகன் முழங்காலருகே துப்பாக்கிக் குண்டு பாய்ந்து ஏறத்தாழ ஏழு மாதங்களாகப் படுத்திருந்தார். அவரது பின்புறத்தில் உள்ளங்கையளவான படுக்கைப்புண் இருந்தது. இரவும் பகலும் அவருக்கு ஓய்வில்லை. அசைத்தால் எழும் வலிக்கு அஞ்சி இரண்டு மாதங்களாகப் படுக்கை விரிப்பும் மாற்றப்படவில்லை. பாரே தூய மென்படுக்கை அமைப்பித்து, புண் எதன்மீதும் படாதவாறு இறகுத் தலையணை வைப்பித்தார். உறக்கம் வருதற்பொருட்டு உயரத்திலிருந்து கொப்பரையொன்றினுள் நீரை வீழ்த்தி மழையோசை எழுப்புமாறும் கூறினார். கோமகன் தேறி, ஊன்றுகோல் கொண்டு எழுந்து நின்றார். புண்ணை மட்டுமன்றி உறக்கமின்மையையும் சிகிச்சைக்குரிய பொருளாகக் கொண்டமை இக்குறிப்பின் சிறப்பாகும். நோயாளி கோமகனாயிருந்தமையாலேயே இத்துணைக் கவனம் கிட்டியதோ என ஐயுறுவாரும் உளர், அவ்வையம் நியாயமானதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நோக்கு மாறிற்று. பாரிஸ் நகரத்துச் சல்பெத்திரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ, மூளையும் முண்ணாணும் பழுதுற்றோருக்கு விரைந்து தோன்றும் படுக்கைப்புண்ணை 1870களில் விரித்துரைத்தார். அதனை நரம்புக் கோளாற்றின் விளைவெனவும் சாவுக்கு முன்னறிகுறியெனவும் அவர் கொண்டார். அழுத்தமும் ஈரமுமே காரணமென 1853 இலேயே பிரவுண்-சேக்கார் எடுத்துக்காட்டியிருந்தும் ஷார்க்கோவின் செல்வாக்கே மேலோங்கிற்று. முன்னறிகுறியாகிவிட்ட புண்ணைப் பற்றி நோயாளியை வினவவேண்டிய தேவை யாருக்கும் தோன்றவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விதிவாதத்தை முறியடித்தவருள் முதன்மையானவர் லுட்விக் குட்மன். இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் மருத்துவமனையில் 1944 இல் முண்ணாண் காயமுற்றோருக்கான பிரிவைத் தொடங்கிய அவர், இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை இரவும் பகலும் நோயாளரைப் புரட்டிக் கிடத்தும் முறையை நிலைநிறுத்தினார். அதனாற் காக்கப்பட்ட உயிர்கள் பல. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. ஷார்க்கோ விரித்துரைத்தோருட் பலரும் குட்மனின் நோயாளரும் உடலின் ஒரு பகுதியில் உணர்விழந்தவர்கள். வலி உணராதோரிடமிருந்தே படுக்கைப்புண் பற்றிய அறிவின் பெரும்பகுதி திரட்டப்பட்டது. உணர்வு குன்றாத முதியோரும் எலும்பு முறிந்தோரும் அவ்வறிவினுள் அடங்காது நின்றனர் என்பதே எமது கருத்து.

பின்வந்த அளவைகளும் இக்குறையை நீக்கவில்லை. டொறீன் நோற்றன் முதியோரிடையே நடத்திய ஆய்வின் பயனாக 1962 இல் வெளிவந்த அளவை, உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலசலக் கட்டுப்பாடு என்னும் ஐந்தினையும் கணித்தது. புண் வருமுன் அறிதற்கு அது பெரிதும் உதவிற்று. 1975 இல் ஷியா வகுத்த படிநிலைகள் புண்ணின் ஆழத்தை அளந்தன. இரண்டிலும் வலிக்கு இடமில்லை. ஆழ்ந்த புண்ணில் நரம்பு அழிந்துபடுதலால் வலியிராது என்ற எண்ணமும் தாதியரிடையிலும் மருத்துவரிடையிலும் நிலவிற்று.

நோயாளரையே வினவிய ஆய்வுகள் பெரும்பாலும் 1990களின் பின்னரே வந்தன. அவற்றுள் ஒன்று அமெரிக்காவில் 132 நோயாளரிடையே நடத்தப்பெற்று 1995 இல் வெளியாயிற்று. விடையளிக்கக் கூடியவராயிருந்தோருட் பெரும்பாலோர் வலியுண்டு என்றனர். ஆழ்ந்த புண்ணுடையோரும் அவருள் அடங்குவர். புண்வலிக்கென மருந்து பெற்றிருந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவரே. எஞ்சிய பலர் நோயின் கடுமையால் விடையளிக்க இயலாதிருந்தனர்.