வல்வில்லின் மரம்: சேலம், நாமக்கல் நிலப்பகுதியின் கைவினை வில் குறித்துப் பொருள்சார்ந்த ஓர் ஆய்வு

முன்னுரை

கொல்லிமலையை ஆண்ட ஓரியின் வில்லாற்றலை வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாடல், ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்கியதைச் சொல்கிறது. வேட்டுவனின் கை, அம்பின் விசை, வீழ்ந்த விலங்குகள் என எல்லாம் அதில் உண்டு. வில் எந்த மரத்தால் ஆனது என்பது மட்டும் இல்லை. பிற்கால ஆய்வும் அந்த இடைவெளியை நிரப்ப முயலவில்லை. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாள்களில் அரசு விழா நடக்கிறது. அதையொட்டி வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. வில்லாளியைப் பற்றிப் பேசுகிறோம். வில்லைப் பற்றிப் பேசுவதில்லை.

இப்பகுதியில் செய்யப்பட்ட வில், பெரும்பாலும் ஒரே கழியிலிருந்து செதுக்கப்பட்ட ஆளுயர வில்லாகவே இருந்திருக்கும் என்பதும், அதன் தொழில்நுட்பத்தை இலக்கியத்திலிருந்து அல்லாமல் இந்நிலத்து மரஞ்செடிகளிலிருந்தே மீட்க முடியும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

எஞ்சியவையும் அழிந்தவையும்

வில்லைப் பற்றிய தொல்லியல் சான்று இயல்பிலேயே ஒருபக்கச் சார்புடையது. கொடுமணல், ஆதிச்சநல்லூர் போன்ற இடங்களின் ஈமக்குழிகளில் இரும்பு அம்பு முனைகள் கிடைத்துள்ளன. அவற்றைச் செலுத்திய வில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கஞ்சமலையின் காந்தக் கல்லை உருக்கி இரும்பெடுத்த சேலத்து நிலத்திலும் இதுவே நிலை. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் மண்ணில், கறையான் நடுவே, மரம் நிலைக்காது. டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையான எல்ம் மர வில் கிடைத்ததற்குக் காரணம், காற்றுப் புகாத ஈரச் சேறு. அத்தகைய புதைவிடம் நமக்கு வாய்க்கவில்லை. ஆகவே வில் கிடைக்காததை வைத்து, வில் செய்யும் தொழில் இங்கே வளரவில்லை என்று முடிவு கட்டுவது தவறு.

அடுத்த சான்று நடுகல். தருமபுரி 1965 வரையிலும் நாமக்கல் 1997 வரையிலும் சேலம் மாவட்டத்தின் பகுதிகளே. ஆகவே தருமபுரிப் பகுதி நடுகற்களை இந்நிலத்தின் சான்றாகக் கொள்வதில் தடையில்லை. இரா. நாகசாமி பதிப்பில் 1972இல் வெளிவந்த ‘செங்கம் நடுகற்கள்’ தொகுதி நடுகல் ஆய்வுக்கு அடித்தளமிட்டது. ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளும் ஏந்தி, உடலில் அம்பு தைத்த நிலையில் நிற்கும் வீரனை இக்கற்களில் அடிக்கடி காண்கிறோம். கல்வெட்டாய்வாளர்கள் எழுத்தைப் படித்தார்கள். வீரனின் பெயர், அரசனின் ஆட்சியாண்டு, ஆநிரைப் பூசல் ஆகியவை வெளிச்சத்துக்கு வந்தன. கையிலிருந்த கருவியை யாரும் அளக்கவில்லை. சிற்பி அளவுக்கணக்குப்படி செதுக்கியிருக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். நுனி வெளிப்புறமாக வளைந்திருந்தால் அது கொம்பு வில் என்றும் சொல்லிவிட முடியாது. அனலில் காட்டி மூங்கில் நுனியையும் அவ்வாறு வளைக்கலாம். கல் வடிவத்தைச் சொல்லும், பொருளைச் சொல்லாது.

நிலம் தரும் பொருள்

பொருளைச் சொல்வது காடு. சேர்வராயன், கொல்லி, கல்வராயன் மலைகளின் சரிவுகளில் உள்ள இலையுதிர் காடுகளில் கல்மூங்கில் உண்டு. உள்ளே பொந்து மிகச் சிறிதாகவோ இல்லாமலோ வளரும் இது, லத்திக்கும் ஈட்டிக் காம்புக்கும் பெயர் பெற்றது. மூங்கிலின் குறுக்கு வெட்டை உற்றுப் பார்த்தால் நார்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும். உட்புறத்தில் அவை அகன்று கிடக்கும். தோலை நெருங்க நெருங்க அடர்ந்து ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். வில்லை வளைக்கும்போது, எய்பவனுக்கு அப்புறமுள்ள முதுகு இழுபடுகிறது; இப்புறமுள்ள வயிறு நெருக்குண்கிறது. இழுவையைத் தாங்கும் அடர்ந்த நார் மூங்கிலின் தோலிலேயே இருப்பதால், தோலை முதுகாக வைத்து வயிற்றுப்புறத்தை மட்டும் செதுக்கினால் போதும்.

மரங்களில் முதலில் எண்ணத்தக்கது சடச்சி. இதன் மரம் நெகிழ்ந்து வளையும், அதிர்ச்சி தாங்கும். வண்டியின் ஏர்க்கால், துடுப்பு, கருவிக் காம்பு, சுமை தூக்கும் காவடித் தண்டு ஆகியவற்றுக்கு இது பயன்பட்டதை வனவியல் நூல்கள் பதிவு செய்கின்றன. பாரம் ஏற்றும்போது வளைந்து, இறக்கியதும் நிமிரும் மரமே காவடித் தண்டுக்கு ஏற்றது. வில்லுக்கும் அதே பண்புதான் வேண்டும்.

நாணுக்கும் தொலைவு போக வேண்டியதில்லை. அர்த்தசாத்திரம் ஆயுதச்சாலை பற்றிப் பேசும் பகுதியில் பனை, மூங்கில், மரம், கொம்பு என நால்வகை வில்லைச் சொல்கிறது. நாணுக்குரிய பொருள்களில் மூர்வை, எருக்கு, சணப்பு, மூங்கில், விலங்கின் தசைநார் ஆகியவற்றை எண்ணுகிறது. மூர்வையை மருள் எனப்படும் நார்க்கற்றாழையாகக் கொள்வது பெருவழக்கு. மருளும் எருக்கும் சேலம், நாமக்கல் சமவெளியின் வேலியோரங்களிலும் தரிசிலும் தாமாகவே வளர்பவை. சணப்பு உழவர் விதைக்கும் பயிர். வடபுலத்து நூலை அப்படியே தமிழ் நிலத்துக்குப் பொருத்த முடியாது. ஆனால் அந்தப் பட்டியலின் செடிகள் இங்கே கைக்கெட்டும் தொலைவில் நிற்கும்போது, நாணுக்கு வேறு மூலத்தைத் தேடவேண்டிய தேவை இல்லை.

பிளத்தலும் செதுக்கலும்

வில் செய்முறை பற்றி இன்று புழங்கும் கையேடுகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க மரங்களை மனத்தில் கொண்டவை. அவற்றின் முதல் விதி, முதுகில் ஒரே ஆண்டு வளையம் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓடவேண்டும் என்பது. குளிர்நாட்டு மரத்தில் வளையம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். நம் காடுகளில் தேக்கு போன்ற சில மரங்களைத் தவிரப் பலவற்றில் அது மங்கலாகவே இருக்கும். எனவே அந்த விதியை இங்கே எழுத்துக்கு எழுத்து பின்பற்ற இயலாது. அதன் உட்பொருளைக் கைக்கொள்ள வேண்டும்: நார் அறுபடக் கூடாது.

நார் ஓட்டத்தைக் காட்டித் தருவது ஆப்பு. ரம்பம் நேர்கோட்டில் அறுக்கும். நாரைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஆப்பு வைத்துப் பிளந்தால் பிளவு நாரின் வழியே போகும். முறுக்கு இருந்தால் பிளவும் முறுகும். அந்தக் கழியை அப்போதே ஒதுக்கிவிடலாம். தேறிய கழியின் இரு முனைகளிலும் சாணமோ மெழுகோ பூசி நிழலில் உலர்த்த வேண்டும். பூசாவிட்டால் முனை வழியே ஈரம் விரைந்து வெளியேறி வெடிப்பு ஓடும்.

பிறகு வாய்ச்சியும் உளியும். பிடி தடித்தும், இரு கரங்களும் நுனியை நோக்கிச் சீராகச் சிறுத்தும் வரவேண்டும். கணு இருக்கும் இடத்தில் சற்றுத் தடிப்பு விடவேண்டும். நார் அங்கே சுற்றிப் போவதால் அது வலுவற்ற இடம். இதற்குமேல் வேலை மெதுவாகும். விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதத்தில் மாறும். தடிப்பைப் பொறுத்தவரையோ அதன் முப்படிக்கு ஏற்ப மாறும். தடிப்பில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பில் 27 விழுக்காடு போய்விடும். அதனால்தான் கடைசிக் கட்டத்தில் உளியை வைத்துவிட்டு அரத்தையும் சுரண்டு கத்தியையும் எடுக்க வேண்டியிருக்கிறது. நாணைச் சிறிது சிறிதாக இழுத்து, எந்த இடம் விறைத்து நிற்கிறது, எந்த இடம் மிகுதியாக மடிகிறது என்று பார்த்து, விறைத்த இடத்தின் வயிற்றுப்புறத்தில் மட்டும் சுரண்ட வேண்டும். அவசரப்பட்டு முழு நீளத்துக்கு இழுத்தால் வயிற்றில் மயிரிழை போன்ற குறுக்குச் சுருக்கங்கள் விழும். நார் நெருக்குண்டு நசுங்கியதன் அடையாளம் அது; அந்த வில் மீளாது.

நீளத்தின் தேவை இங்கே புலப்படும். வில் நீண்டால் ஒரே இழுப்புக்கு ஒவ்வோர் இடத்திலும் வளைவு குறையும். நார் மீதான சுமையும் குறையும். இந்தியக் காலாட்களின் வில் ஆளின் உயரம் இருந்தது என்றும், அதைத் தரையில் ஊன்றி இடக்காலால் அழுத்தி நாணை இழுத்தனர் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன் எழுதியுள்ளார். அது வடமேற்கைப் பற்றிய குறிப்பு. என்றாலும் ஒற்றைக் கழி வில்லைச் செய்பவன் எவனும் நீளத்தையே நாடுவான் என்னும் பொறியியல் உண்மையோடு அது பொருந்துகிறது.

கொம்பு வில் என்னும் மறுப்பு

யானையைத் துளைத்த வில் வெறும் மர வில்லாக இருக்க முடியாது, கொம்பும் தசைநாரும் ஒட்டிய கூட்டு வில்லாகவே இருக்கும் என்று ஒருவர் மறுக்கலாம். இம்மறுப்பு இரண்டு காரணங்களால் நிற்காது. முதலாவது, மர வில் வலுக் குறைந்தது என்ற எண்ணம். 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட ஆங்கிலப் போர்க்கப்பல் மேரி ரோஸிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட யூ மர வில்கள் கிடைத்தன. அவற்றில் பலவற்றின் இழுவிசை 100 பவுண்டைத் தாண்டியதாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அவை அனைத்தும் ஒற்றைக் கழி வில்களே. இரண்டாவது, பசை. கூட்டு வில்லைப் பிணைப்பது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை; காற்றின் ஈரத்தில் அது இளகும். தக்காணத்திலும் வடக்கிலும் படைகள் கூட்டு வில்லைப் பயன்படுத்தியது உண்மை. அவற்றுக்கு உறையும் மெருகும் பராமரிப்பும் தேவைப்பட்டன. அரண்மனை ஆயுதச்சாலைக்கு அது கட்டுப்படியாகும். ஆநிரை காத்த ஊர் வீரனுக்கும் மலைச்சரிவில் வேட்டையாடியவனுக்கும் கட்டுப்படியாகாது. வன்பரணரின் ஐந்து விலங்கு உயர்வுநவிற்சி. அதிலிருந்து இழுவிசையைக் கணக்கிடுவது இலக்கியத்துக்கும் நியாயமன்று, அறிவியலுக்கும் நியாயமன்று.

போருக்கு வெளியே

வில்லை ஆயுதமாக மட்டும் கண்டதே நம் தேடலைக் குறுக்கியது. களிமண் உருண்டையை எறியும் உண்டைவில், தச்சர் துரப்பணத்தைச் சுழற்றும் சிறு வில், பஞ்சு கொட்டுவோரின் பெருவில் ஆகியவையும் வளையும் கழியும் இறுகும் நாணும் சேர்ந்தவையே. நெசவு தழைத்த சேலத்தில் பஞ்சு வில்லுக்கு நெடிய இடம் உண்டு. கழியைத் தேர்வதும் நாணை முறுக்குவதும் அதிர்வைக் காதால் அளப்பதுமான அறிவு இத்தொழிலாளரிடமும் தங்கியிருந்தது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை வில்லுக்கு வேலையில்லை. அது தேவையான சட்டம். ஆனால் பட்டறை வில்லும் அழிந்ததற்கு அந்தச் சட்டம் காரணமன்று. எந்திரம் வந்ததும், நாம் எழுதி வைக்காமல் விட்டதுமே காரணம்.

முடிவுரை

கல்மூங்கில் அல்லது சடச்சிக் கழி, மருள் அல்லது எருக்கு நாரில் முறுக்கிய நாண், ஆளுயர நீளம்: இப்பகுதியின் வில்லுக்கு இன்றைய சான்றுகள் அனுமதிக்கும் வடிவம் இதுவே. இதைச் சோதித்துப் பார்க்கச் செய்யவேண்டியவை மூன்று. தருமபுரி அகழ்வைப்பகம் உள்ளிட்ட இடங்களிலுள்ள நடுகற்களில் வில்லின் நீளத்தை வீரனின் உயரத்தோடு ஒப்பிட்டு அளந்து அட்டவணையிட வேண்டும். இம்மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி முதியோரிடமும் தச்சரிடமும் மரத்தேர்வு பற்றிய வாய்மொழியைத் தொகுக்க வேண்டும். பெறப்பட்ட தகவல்படி வில் செய்து, இழுவிசையையும் அம்பின் வேகத்தையும் பதிவு செய்ய வேண்டும். மூங்கிலைச் சிறுவனப் பொருளாக ஏற்றுள்ள 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, மலைவாழ் மக்களின் ஒப்புதலோடும் பங்கேற்போடும் கழி பெற வழியுண்டு. ஆடி விழாவின் வில்வித்தைப் போட்டியில் உள்ளூர்க் கையால் செய்த வில்லுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை மாவட்ட நிர்வாகம் சேர்க்குமானால், ஓரியின் நினைவுக்குச் செய்யும் சிறப்பு வில் செய்யும் கைகளுக்கும் போய்ச் சேரும்.