நூலகமும் வாசகர் அவையும்: தென்னிந்தியப் பொது நூலகங்களில் எழுத்தாளர் சந்திப்பு, ஊர்க்கூட்டம் ஆகியவற்றின் வரலாறு

முன்னுரை

பொது நூலக வரலாறு பெரும்பாலும் நூல்களின் எண்ணிக்கை, கட்டடங்கள், சட்டங்கள், பகுப்பு முறைகள் ஆகியவற்றைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. நூலகத்தில் மக்கள் கூடியமை, எழுத்தாளர் அங்கு வந்து பேசியமை, ஊரார் நாடகம் நடத்தியமை போன்ற நிகழ்வுகள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. அவை நூலகத்தின் துணைப்பணி என்றே கருதப்பட்டன. ஆயினும் தென்னிந்தியாவில் பொது நூலகம் வேரூன்றிய விதத்தை நோக்குமிடத்து, பல இடங்களில் கூட்டம் முன்னும் நூல் பின்னுமாக வந்திருத்தல் புலனாகும். ஆந்திரம், திருவிதாங்கூர், மலபார், தமிழகம் ஆகிய பகுதிகளில் நூலகம் ஓர் அவையாக இயங்கிய முறைகளை ஒப்பிட்டு, அவற்றிடையே காணப்படும் வேறுபாட்டிற்கான காரணத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரங்கேற்ற அவையும் வாசகர் அவையும்

நூலாசிரியன் அவையை எதிர்கொள்ளுதல் தமிழ் மரபிற்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் கூறுகின்றது. அரங்கேற்றம் என்பது நூல் நூலாக ஏற்கப்படுவதற்கான வாயில். அவ்வவை புலவர் அவை. தடை கேட்கும் தகுதி கற்றோர்க்கே உரியது. அவையில் ஏற்கப்பட்ட பின்னரே நூல் பிறரிடம் செல்லும்.

1901-இல் பாண்டித்துரைத் தேவரால் தோற்றுவிக்கப்பட்ட மதுரைத் தமிழ்ச் சங்கம் இம்மரபின் தொடர்ச்சியாகவும் மாற்றமாகவும் அமைந்தது. பாண்டியன் புத்தகசாலை, கல்விச்சாலை, அச்சகம், ‘செந்தமிழ்’ இதழ் ஆகியவை சங்கத்தோடு இணைந்து இயங்கின. நூல்நிலையமும் கூட்டமும் ஒரே அமைப்பிற்குள் வந்தமை இங்குக் குறிக்கத்தக்கது. எனினும் அங்குக் கூடியோர் பெரும்பாலும் புலவர்களும் புரவலர்களுமே ஆவர். பொது நூலகம் கொணர்ந்த மாற்றம் வேறு வகையினது. அங்கு நூல் முன்னரே அச்சேறி விலைக்கு வந்துவிட்டது. அவை கூடுவது நூலை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ அன்று, அதனைப் பயில்வதற்காகவே. தடை கேட்கும் உரிமை புலவரிடமிருந்து வாசகரிடம் சென்றது. இவ்வுரிமை மாற்றமே பொது நூலகக் கூட்டங்களின் வரலாற்றுப் பொருள் எனலாம்.

ஆந்திரம்: மாநாடாகத் தோன்றிய இயக்கம்

1914 ஏப்ரல் 10-ஆம் நாள் பெசவாடாவில் ஆந்திர நாட்டு நூலகங்களின் முதல் மாநாடு கூடியது. அதனைக் கூட்டுவதில் முன்னின்றவர் அய்யங்கி வெங்கட ரமணையா. மாநாட்டுத் தலைமையை ஏற்றவர் நாவலாசிரியரும் நாடகாசிரியருமான சிலகமர்த்தி லட்சுமி நரசிம்மம். நூலகர் என்னும் தொழில் இன்னும் உருப்பெறாத காலத்தில், நூலக இயக்கத்தின் முதல் மேடைக்கு ஓர் எழுத்தாளரைத் தலைவராக அழைத்தமை தற்செயல் அன்று. தெலுங்கு உரைநடை இலக்கியத்திற்கு வாசகரைத் திரட்டுதலும் நூலகங்களைத் திரட்டுதலும் அன்று ஒரே பணியின் இரு கூறுகளாக இருந்தன.

இவ்வியக்கம் மாகாண எல்லையோடு நிற்கவில்லை. 1919-இல் அனைத்திந்தியப் பொது நூலக மாநாடு சென்னையில் நடைபெற்றபோது, பரோடா சமஸ்தான நூலகங்களின் பொறுப்பிலிருந்த ஜே. எஸ். குடால்கர் தலைமை தாங்கினார். மன்னர் மூன்றாம் சயாஜிராவின் ஆதரவில் ஊர்தோறும் நூலகம் கண்ட பரோடா, அரசு முன்னின்று நடத்திய முறைக்கு எடுத்துக்காட்டு. ஆந்திரமோ மக்கள் முன்னின்று நடத்திய முறைக்கு எடுத்துக்காட்டு. இவ்விரு முறைகளுக்கும் இடையிலான இழுபறியே பின்னர்த் தென்னிந்தியாவெங்கும் தொடர்ந்தது.

மூன்றாம் விதியும் 1948-ஆம் ஆண்டுச் சட்டமும்

1928-இல் சென்னை நூலகச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் செயலராகப் பணியாற்றிய எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது அவற்றுள் மூன்றாவது. நூலக விரிவுப்பணி என்பதை அவர் இவ்விதியின் கீழ்க் கொணர்ந்தமை கருதத்தக்கது. இரண்டாம் விதி வாசகரை நோக்கி நின்று அவருக்குரிய நூலைத் தேடுகின்றது. மூன்றாம் விதி நூலை நோக்கி நின்று அதற்குரிய வாசகரைத் தேடுகின்றது. அவ்வாறு தேடுங்கால், நூலகத்திற்குள் ஏற்கெனவே வந்தவரோடு நிற்றல் இயலாது. வாராதவரையும் அழைத்தாக வேண்டும். சொற்பொழிவும் வாசகர் கூட்டமும் இவ்வகையில் கேளிக்கை ஆகா. நூல் தன் வாசகரைக் கண்டடையும் வழிகள் ஆகின்றன. 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர்களுக்குக் கொண்டுசென்ற முயற்சியும் இதே கருத்தின் மற்றொரு வடிவம் ஆகும்.

கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. 1950-இல் நடைமுறைக்கு வந்தது. சொத்துவரியின் மீது நூலக வரி விதிக்கவும், மாவட்டந்தோறும் ஆணைக்குழு அமைக்கவும் அது வழிவகுத்தது. அரங்கநாதனின் சிந்தனை இச்சட்டத்திற்கு அடிப்படையாக அமைந்தது. ஆணைக்குழுவின் அதிகாரங்களைக் கூறும் பகுதியில், நிலம், கட்டடம், நூல்கள், பணியாளர் ஆகியவற்றோடு சொற்பொழிவுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்தலும் இடம்பெற்றது. கூட்டம் நூலகத்தின் சட்டப்படியான பணியாயிற்று.

ஆனால் அது செய்யலாம் என்னும் அதிகாரமாக அமைந்ததேயன்றிச் செய்தாக வேண்டும் என்னும் கடமையாக அமையவில்லை. வரிப்பணம் கட்டடத்திற்கும் நூலுக்கும் ஊதியத்திற்கும் முதலில் சென்றது. ஊராரிடம் நன்கொடை கேட்க வேண்டிய தேவை நீங்கியபோது, ஊராரைக் கூட்ட வேண்டிய தேவையும் குறைந்தது. சட்டத்தின் வலிமையே அதன் மெலிவிற்கும் வித்தாயிற்று.

திருவிதாங்கூர்: ஆண்டுவிழாவும் கதாபிரசங்கமும்

1945 செப்டம்பரில் அம்பலப்புழை பி. கே. நினைவு நூலகத்தில் 47 நூலகங்களின் பேராளர்கள் கூடினர். திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கம் அக்கூட்டத்தில் உருவாயிற்று. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் நீலம்பேரூரைச் சேர்ந்த பி. என். பணிக்கர். மாநிலச் சீரமைப்பிற்குப் பின் அச்சங்கம் கேரளம் முழுமைக்கும் விரிவடைந்தது. 1975-இல் யுனெஸ்கோவின் குருப்ஸ்காயா விருது எழுத்தறிவுப் பணிக்காக அதற்கு வழங்கப்பட்டது.

இங்கு நூலகம் ஊராரின் சங்கம். உறுப்பினர் சந்தாவும் நன்கொடையும் அரசு மானியமும் சேர்ந்தே அதனை நடத்தின. ஆகவே ஆண்டுவிழா என்பது அலங்காரம் அன்று. அது நூலகத்தின் நிலைபேற்றிற்கு இன்றியமையாதது. கணக்கை ஊரார் முன் வைப்பதும், புதிய உறுப்பினரைச் சேர்ப்பதும், நிதி திரட்டுவதும் அம்மேடையைச் சூழ்ந்தே நிகழ்ந்தன. எழுத்தாளர் உரையும் நாடகமும் கதாபிரசங்கமும் அம்மேடையில் இடம்பெற்றன.

கதாபிரசங்கம் இவ்வகையில் தனித்துக் கருதத்தக்கது. தமிழ்நாட்டுக் கதாகாலட்சேபத்தோடு உறவுடைய இக்கலை, கேரளத்தில் புராணக் கதைகளிலிருந்து புதிய இலக்கியத்திற்கு நகர்ந்தது. வி. சாம்பசிவன் சேக்சுபியரின் ‘ஒத்தெல்லோ’, தால்சுதாயின் ‘அன்னா கரீனினா’, வங்க எழுத்தாளர் பிமல் மித்ராவின் நாவல் ஆகியவற்றைக் கோயில் விழாக்களிலும் நூலக ஆண்டுவிழாக்களிலும் கதையாகச் சொன்னார். 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் எழுத்தறிவு 18.33 விழுக்காடு மட்டுமே. அந்நிலையில், படிக்கத் தெரியாதவரும் ஒரு நாவலின் கதையை அறிந்து அதன் மாந்தரைப் பற்றி வாதிட முடிந்தது. நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்கும் வழக்கமும் வாசகசாலைகளில் நிலவியது. வாசிப்பு என்பது தனியொருவர் கண்ணால் செய்யும் செயல் என்னும் கருத்தை இவ்வரலாறு திருத்தி அமைக்கின்றது.

ஒரு மாநிலம், இரு முறைகள்

மலபார் 1956 வரை சென்னை மாகாணத்தின் பகுதி. 1937-இலேயே அங்கு வாசகசாலைச் சங்கம் தோன்றியிருந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் மலபாருக்கும் பொருந்தியது. கேரளம் உருவான பின்னரும் அச்சட்டம் அங்குத் தொடர்ந்தது. 1989-ஆம் ஆண்டுக் கேரளப் பொது நூலகச் சட்டமே மாநிலம் முழுமைக்கும் ஒரே முறையைக் கொணர்ந்தது. ஏறத்தாழ 33 ஆண்டுகள் ஒரே மாநிலத்தில் வரியை அடிப்படையாகக் கொண்ட முறையும் சங்கத்தை அடிப்படையாகக் கொண்ட முறையும் அருகருகே இயங்கின.

இதன் மறுபக்கம் தமிழாய்வாளர்க்கு நெருக்கமானது. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. அதாவது, குமரி மாவட்டப் பகுதி சங்க முறையிலிருந்து வரிமுறைக்கு மாறியது. மலபார் வரிமுறையைச் சுமந்தவாறே சங்க முறை ஓங்கிய மாநிலத்திற்குள் சென்றது. மொழிவழி மாநிலப் பிரிப்பு ஆட்சி எல்லையை மட்டும் மாற்றவில்லை. ஊர் நூலகத்திற்கும் ஊராருக்கும் இடையிலான உறவின் சட்ட அடிப்படையையும் மாற்றியது. இலக்கிய வரலாறு இம்மாற்றத்தை இன்னும் போதிய அளவு கருத்திற்கொள்ளவில்லை.

1989-ஆம் ஆண்டுச் சட்டம் இரு முறைகளையும் இணைக்க முயன்றது. நூலக வரி உண்டு. அதே வேளையில், இணைவு பெற்ற நூலகங்களின் பேராளர்களைக் கொண்டு தாலுக்கா, மாவட்டம், மாநிலம் என்னும் மூன்று நிலைகளில் தேர்தல் வழி அமையும் குழுக்களும் உண்டு. நூலகங்களைத் தரம் பிரித்து மானியம் வழங்குங்கால், அவை நடத்தும் பண்பாட்டு நிகழ்வுகளும் மதிப்பிடப்படுகின்றன. நிகழ்வு இங்கு விருப்பமாக மட்டும் நில்லாமல் அளவுகோலாகவும் ஆயிற்று. பணிக்கர் மறைந்த சூன் 19-ஆம் நாள் கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

தில்லி முன்மாதிரி

1951 அக்டோபர் 27-ஆம் நாள் நேரு திறந்துவைத்த தில்லிப் பொது நூலகம் யுனெஸ்கோவின் துணையோடு முன்மாதிரித் திட்டமாகத் தொடங்கப்பட்டது. இரவல் பிரிவோடு சமூகக் கல்விப் பிரிவும் அங்கு அமைந்தது. சொற்பொழிவு, விவாதக் குழு, நாடகம், திரைப்படக் காட்சி ஆகியவை நூலகத்தின் அன்றாடப் பணிகளாயின. 1955-இல் ஆசியப் பொது நூலக வளர்ச்சி குறித்த யுனெஸ்கோ கருத்தரங்கு தில்லியிலேயே நடைபெற்றது. தில்லி காட்டிய உண்மை ஒன்றுண்டு: அரசு நடத்தும் நூலகமும் அவையாக இயங்க முடியும், ஆனால் அதற்கெனத் தனிப் பிரிவும் பணியாளரும் இடமும் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட வேண்டும்.

தமிழ்நாடு: வாசகர் வட்டம்

தமிழ்நாட்டில் 1972-இல் பொது நூலகத்திற்கெனத் தனி இயக்ககம் உருவாயிற்று. 1968 முதல் நாடெங்கும் நவம்பர் 14 முதல் 20 வரை நடைபெறும் தேசிய நூலக வார விழா, மாவட்ட மைய நூலகங்களிலும் கிளை நூலகங்களிலும் எழுத்தாளர் உரைக்கும் மாணவர் போட்டிக்கும் வாய்ப்பளித்தது. ஆண்டிற்கொரு வாரம் நிகழும் விழா ஆண்டு முழுதும் நிகழும் உரையாடலுக்கு ஈடாகாது. அவ்விடைவெளியை நிரப்பியவை வாசகர் வட்டங்கள். நூலகரும் உள்ளூர் ஆசிரியரும் ஓய்வுபெற்றோரும் இணைந்து நடத்தும் இவ்வட்டங்கள் நூல் அறிமுகம், எழுத்தாளர் சந்திப்பு, நூல் வெளியீடு ஆகியவற்றை நடத்தின. வரிமுறை விட்டுச்சென்ற வெற்றிடத்தில் சங்கமுறை சிறிய அளவில் மீண்டும் முளைத்தது எனலாம். இவற்றின் வாழ்வு தனிமனிதர் ஆர்வத்தைப் பொறுத்ததாகவே உள்ளது. நூலகர் பணிமாறுதல் பெற்றவுடன் வட்டம் தளர்வது இயல்பாகின்றது.

2010 செப்டம்பர் 15-இல் சென்னைக் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் பேரரங்கையும் திறந்தவெளி அரங்கையும் தன்னகத்தே கொண்டது. 2011-இல் அதனை இடம் மாற்றும் அரசின் முடிவிற்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2012-இல் அதன் அரங்கம் தனியார் இல்ல நிகழ்ச்சிக்கு விடப்பட்டமையும் வழக்காயிற்று. நூலகம் சாராப் பயன்பாட்டிற்கு அரங்கை வழங்கலாகாது என்று நீதிமன்றம் தடுத்தது. நூலக அரங்கில் எத்தகைய கூட்டம் கூடலாம் என்னும் வினா இவ்வாறு நீதிமன்றம் வரை சென்றது. பின்னாளில் அங்கு ‘பொன்மாலைப் பொழுது’ என்னும் பெயரில் நடைபெற்ற தொடர் உரை நிகழ்வுகள், அவ்வரங்கு எதற்காகக் கட்டப்பட்டது என்பதற்குச் செயல்வழி விடையாக அமைந்தன. 2023 சூலை 15-இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் நிகழ்வுகளுக்குரிய இடத்தோடு அமைந்துள்ளது. தலைநகர்களில் தோன்றிய இவ்வசதி ஊர்ப்புற நூலகம் வரை சென்றடைதலே எஞ்சியுள்ள பணி.

சான்றுகளின் நிலை

இவ்வரலாற்றை எழுதுவதில் பெருந்தடை சான்றுகளின் அழிவு. நூல் வருகைப் பதிவேடு காக்கப்படுகின்றது. கூட்டத்தின் அழைப்பிதழ் காக்கப்படுவதில்லை. எந்த எழுத்தாளர் எவ்வூர் நூலகத்தில் எதனைப் பற்றிப் பேசினார், அவையில் எழுந்த வினாக்கள் யாவை என்பன அழைப்பிதழ்களிலும் துண்டறிக்கைகளிலும் கூட்டக் குறிப்பேடுகளிலும் மட்டுமே எஞ்சுகின்றன. நூல் வாசகரால் எவ்வாறு ஏற்கப்பட்டது என்னும் வினாவிற்கு விமரிசனக் கட்டுரைகளை மட்டும் சான்றாகக் கொள்வது, புலவர் அவைக்கே மீண்டும் திரும்புவதாகும். வாசகர் அவையின் குரல் இத்தாள்களில் உள்ளது. இவை பழந்தாளாக எடைக்குச் செல்லும்போது, இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் வாசிப்பு வரலாற்றின் ஒரு பகுதியும் உடன் செல்கின்றது.

முடிவுரை

ஒப்பீட்டின்வழிப் பெறப்படும் முடிவுகள் மூன்று. முதலாவது, நூலக நிகழ்வுகளின் செழுமையும் வறுமையும் ஊராரின் பண்பாட்டு ஆர்வத்தைவிட நூலகத்தின் நிதி, நிருவாக அமைப்பையே மிகுதியும் சார்ந்துள்ளன. மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டிய நூலகம் மக்களைக் கூட்டியது. கணக்கு மேலிடத்திற்குச் சென்ற நூலகம் அத்தேவையின்றி இயங்கியது. இரண்டாவது, நூலக வரி இல்லாத ஊக்கம் நிலைபெறுவது அரிது. ஊக்கம் இல்லாத வரி உயிர்பெறுவது அரிது. 1989-ஆம் ஆண்டுக் கேரளச் சட்டம் இரண்டையும் இணைத்தமை இவ்வகையில் தமிழகத்தின் கருத்திற்குரியது. மூன்றாவது, சொற்பொழிவு நடத்தும் அதிகாரம் 1948 முதல் சட்டத்தில் உள்ளது. அதனைக் கடமையாக்குதல் புதிய கருத்தன்று. அரங்கநாதன் மூன்றாம் விதியில் கண்டதன் நிறைவேற்றமே. கிளை நூலகத்தின் சிறு கூடத்தில் இருபது பேர் கூடி ஒரு நூலைப் பற்றிப் பேசும் மாலையும், அம்மாலையின் குறிப்பேடும் இலக்கிய வரலாற்றின் மூலங்களாக ஏற்கப்படும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.