பி.ஜே. ஃபாக்: நோட்டிஃபிகேஷனுக்குப் பின்னால் ஒரு ஆராய்ச்சிக்கூடம்

ஒரு ஆராய்ச்சியாளரோட தாக்கத்தை எப்படி அளக்குறது? அவரோட கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு எண்ணுவாங்க. இன்னைக்கு நாம பேசப் போற பி.ஜே. ஃபாக்குக்கு அந்தக் கணக்கு பத்தாது. அவரோட தாக்கம் லைப்ரரியை விட உங்க போன்லதான் அதிகம்.

கதை 1990கள்ல, அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல தொடங்குது. மனிதர்-கணினி ஊடாட்டத் துறையில அப்போ பெரிய கேள்வி, கம்ப்யூட்டரை எப்படி சுலபமா பயன்படுத்த வைக்கிறது என்பதுதான். அங்கே பேராசிரியரா இருந்த க்ளிஃபோர்ட் நாஸ் வேற ஒண்ணைக் கவனிச்சார்: ஜனங்க கம்ப்யூட்டர்கிட்டயும் சக மனுஷங்ககிட்ட மாதிரியே நடந்துக்கறாங்க.

ஃபாக் அவரோட சேர்ந்து செஞ்ச ரெண்டு சோதனைகள் 1997ல வெளிவந்தன. ஒண்ணு முகஸ்துதி பத்தி. இந்தப் பாராட்டுக்கும் உங்க வேலைக்கும் சம்பந்தமே இல்லைன்னு முன்கூட்டியே சொல்லியும், கம்ப்யூட்டர் புகழ்ந்தா ஜனங்க சந்தோஷப்பட்டாங்க. இன்னொண்ணு கைமாறு பத்தி. முதல்ல தனக்கு நல்லா உதவின கம்ப்யூட்டருக்கு, வேற ஒரு கம்ப்யூட்டருக்குச் செஞ்சதை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேலை செஞ்சு கொடுத்தாங்க. யோசிச்சுப் பாருங்க, ஒரு மெஷினுக்கு நன்றிக்கடன்!

இங்கிருந்து ஃபாக் அடுத்த அடி எடுத்து வச்சார். கம்ப்யூட்டரால மனசை அசைக்க முடியும்னா, அதைத் திட்டம் போட்டே வடிவமைக்கலாமே? அந்தத் துறைக்கு 'கேப்டாலஜி'ன்னு பேர் வச்சார். 1998ல ஸ்டான்ஃபோர்ட்ல இணங்கவைக்கும் தொழில்நுட்பத்துக்குன்னே ஒரு லேப் ஆரம்பிச்சார். 2003ல அதே பேர்ல புத்தகம். அதுல வர்ற உதாரணங்கள்ல ஒண்ணு, பதின்வயசுப் பிள்ளைங்க கையில கொடுக்கற பொம்மைக் குழந்தை. நடுராத்திரியிலயும் அழும், எழுந்து கவனிக்கணும். சின்ன வயசுல குழந்தை பெத்துக்கறது எவ்வளவு கஷ்டம்னு புரிய வைக்கத்தான். அதாவது, ஆரம்பக் கனவு நல்ல கனவுதான்.

2007ல காட்சி மாறுது. ஃபேஸ்புக் வெளியாட்களும் ஆப் எழுதலாம்னு கதவைத் திறந்த வருஷம் அது. ஃபாக் அதை ஒரு வகுப்பாவே நடத்தினார். மாணவர்கள் சுமார் 75 பேர். 10 வாரத்துல அவங்க ஆப்களுக்கு வந்த பயனர்கள் 1 கோடியே 60 லட்சம். வகுப்பு அசைன்மென்ட்டுக்கு இவ்வளவு கூட்டம்!

2009ல அவர் எல்லாத்தையும் ஒரே மாடலா சுருக்கினார். ஒரு செயல் நடக்கணும்னா மூணு விஷயம் ஒரே நேரத்துல கூடி வரணும்: ஆசை, செய்யறதுக்கான சுலபம், ஒரு தூண்டல். ஆசையைக் கூட்டறது கஷ்டம், அதனால செயலைச் சுலபமாக்குங்க என்பது அவர் கொடுக்கற ஆலோசனை. பல் இடுக்கைச் சுத்தம் பண்ற பழக்கம் வரலையா? முதல்ல ஒரே ஒரு பல்லுக்கு மட்டும் செய்யுங்கன்னு சொல்வார்.

இப்போ என் தொழில் கண்ணோட பாக்கறேன். ஐகான் மேல சிவப்புப் புள்ளி: தூண்டல். அடுத்த வீடியோ தானா ஓடறது: சுலபம். உங்க போட்டோவை யாரு லைக் பண்ணாங்கன்னு தெரிஞ்சுக்கற துடிப்பு: ஆசை. பல்லுக்குச் சொன்ன அதே ஃபார்முலா.

இதுல ரொம்ப முக்கியமான விஷயம் ரெண்டு மாணவர்கள். 2006 வாக்குல ஃபாக்கோட வகுப்புல மைக் க்ரீகரும் டிரிஸ்டன் ஹாரிஸும் சேர்ந்து ஒரு ஆப் யோசிச்சாங்க. மப்பும் மந்தாரமுமா இருக்கற ஊர்ல வாடிப்போன நண்பருக்கு, வெயிலடிக்கற ஊர்ல இருந்து ஒரு போட்டோ அனுப்பறது. க்ரீகர் 2010ல இன்ஸ்டாகிராமை இணைந்து நிறுவினார். ஹாரிஸ், கூகுள்ல வேலை பார்த்துட்டு வெளியே வந்து, நம்ம கவனத்தைப் பிடுங்கற வடிவமைப்புக்கு எதிரா 2018ல ஒரு அமைப்பே தொடங்கினார். ஒரே வகுப்பு, ரெண்டு திசை.

அப்போ ஃபாக் எச்சரிக்கவே இல்லையா? எச்சரிச்சார். 2003 புத்தகத்துல அறம் பத்தித் தனி அத்தியாயமே உண்டு. அதுக்கும் முன்னால, 1999லயே, டேனியல் பெர்டிசெவ்ஸ்கியும் எரிக் நோயன்ஷ்வாண்டரும் இந்தத் துறைக்கு ஒரு விதி எழுதினாங்க: தன்னை ஒருத்தர் எதுக்கு இணங்க வச்சா தனக்குச் சம்மதம் இருக்காதோ, அதுக்கு அடுத்தவரை இணங்க வைக்கக் கூடாது.

ஆக, விதியும் இருந்தது, ஃபார்முலாவும் இருந்தது. ஃபார்முலா மட்டும் ஏன் பரவுச்சு? என் கருத்து இதுதான்: ஃபார்முலாவோட பலனை டாஷ்போர்டுல எண்ணா பாக்கலாம். நேத்து எத்தனை பேர் திரும்பி வந்தாங்கன்னு காலையில தெரிஞ்சிடும். விதியை மீறினதுக்கு எந்த கிராஃபும் சிவப்பா மாறாது. பழியை ஃபாக் தலையில மட்டும் கட்டறது எனக்குச் சரியாப் படலை. அவர் கத்தியோட ரெண்டு பக்கத்தையும் காட்டினார். எந்தப் பக்கத்தால வெட்டறதுன்னு முடிவெடுத்தது கோட் எழுதற நாமளும், நமக்கு டார்கெட் வைக்கறவங்களும்.

அந்த லேபுக்கு இப்போ 'நடத்தை வடிவமைப்பு' லேப்னு பேர். 'இணங்க வைக்கிற' என்ற வார்த்தை பலகையில இருந்து போயிடுச்சு. நம்ம போன்ல இருந்து போகலை.