மருத்துவப் பணியாளரின் பணிச்சோர்வும் தடுப்பும்

நோயாளிகளைக் கவனிக்கும் வேலையில் இருப்போருக்கு ஓய்வெடுத்தும் தீராத களைப்பு, நோயாளிகளிடம் ஒட்டாத மனம், தம் உழைப்பால் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் நிலை பணிச்சோர்வு எனப்படும். மருத்துவர், செவிலியர், ஆய்வகப் பணியாளர், சீட்டு எழுதித் தருபவர் என எவருக்கும் இது வரலாம்.

இதை விரிவாக எழுதிய முன்னோடி ஹெர்பெர்ட் ஃபிராய்டன்பெர்கர். 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், நாஜிகளிடமிருந்து சிறுவயதிலேயே தப்பி நியூயார்க் சேர்ந்தார். உளவியலாளராகத் தொழில் நடத்திக்கொண்டே, மாலை வேளைகளில் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டு செய்தார். போதைப் பழக்கத்தில் சிக்கிய இளைஞர்கள் அங்கு வந்தார்கள். ஆர்வத்தோடு சேர்ந்த தொண்டர்கள் ஏறக்குறைய ஓராண்டில் களைத்து, எரிந்து விழுபவர்களாக மாறுவதைக் கண்டு 1974-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிக ஈடுபாடு உள்ளவர்களே எளிதில் இதற்கு ஆளாகிறார்கள் என்பது அவர் முடிவு. சோர்ந்தவரைச் சோம்பேறி என்று ஒதுக்கும் வழக்கத்துக்கு அன்றே தரப்பட்ட சரியான பதில் இது. தடுப்பு வழிகளையும் அவரே சொன்னார்: புதியவர்களுக்குப் பயிற்சி, கடினமான வேலையை ஒருவர் தலையிலேயே கட்டாமல் மாற்றித் தருதல், வேலை நேரத்துக்கு வரம்பு, விடுப்பு, ஆள் சேர்த்தல், மனம்விட்டுப் பேச ஒன்றுகூடுதல்.

1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வெளியிட்ட 22 வினாக்கள் கொண்ட அளவுகோல் இன்றும் பெரிதும் பயன்படுகிறது. பின்னர் மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் வேலைப்பளு, அதிகாரம், ஊதியமும் பாராட்டும், சக பணியாளர் உறவு, நேர்மை, விழுமியம் ஆகிய ஆறிலும் காரணங்களைக் கண்டனர். ஆகவே கோளாறு பணியிடத்தில் உள்ளது. யோகா வகுப்பு மட்டும் வைத்து நிர்வாகம் ஒதுங்கிவிட முடியாது.

லிண்டா எய்க்கன் குழு பென்சில்வேனிய மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு (2002) கோளாறு பணியிடத்தில்தான் என்பதை உறுதிசெய்தது. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினாலே பணிச்சோர்வுக்கான வாய்ப்பு 23 விழுக்காடும், அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும் உயர்ந்திருந்தன. கலிபோர்னியா 1999-இல் சட்டம் இயற்றி, செவிலியர்–நோயாளி விகிதத்துக்கான வரம்பை 2004 முதல் நடைமுறைப்படுத்தியது. மற்றொரு சுமை பதிவு வேலை: அமெரிக்க மருத்துவர்கள் நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணினிப் பதிவிலும் மேசை வேலையிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழிவதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. பதிவெழுத உதவியாளர் வைப்பது சிறு கிளினிக்குக்கும் எட்டும் வழி.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாமல் தொழில்சார் நிகழ்வாக வகைப்படுத்தியது. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, பயிற்சி மருத்துவர்களின் வேலை வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது.