குருதிக் கட்டி கரைந்த கதை

குளத்தின் நடுவே நிற்பவனுக்கும் தாகம் எடுக்கும். நம் இதயத்தின் நிலையும் அத்தகையதே. தன் அறைகளில் ஓயாது குருதியை நிரப்பி வெளியேற்றினாலும், தன் தசைக்கு வேண்டிய உணவையும் பிராண வாயுவையும் அது பெறுவது தன் மேற்புறத்தில் கிளைவிட்டுப் படர்ந்திருக்கும் இதயத் தமனிகளின் வழியாகத்தான். அவற்றுள் ஒன்று திடீரென அடைபடும்போது, குருதி நிறைந்த இதயமே குருதியின்றி வாடுகிறது. அதுவே மாரடைப்பு.

இந்நோய் வந்தால் மரணம் உறுதி என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது. 1912-ஆம் ஆண்டில் சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், தமனி அடைபட்ட பின்னரும் மனிதர் பிழைத்திருக்க முடியும் என்று எடுத்துக்காட்டினார். ஆயினும் பிழைத்தவருக்குச் செய்யக்கூடியதாக இருந்தது மிகச் சொற்பமே. வலிக்கு மார்பீன் கொடுத்தனர். வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றனர். 1960-களில் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் தோன்றியபோது, இதயத்துடிப்பு தாறுமாறாகி நேரும் மரணங்களை மின்னதிர்ச்சியால் தடுக்க முடிந்தது. ஆனால் தசை அழுகிப்போவதை எவராலும் தடுக்க இயலவில்லை. துடிப்பை மீட்ட மருத்துவர், வலுவிழந்த இதயம் மெல்ல ஓய்வதைக் கைகட்டிப் பார்த்து நின்றார்.

இத்தனைக்கும், உதவக்கூடிய மருந்து முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1933-இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டில்லட், தொண்டைப்புண் முதலிய நோய்களை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்நுண்ணுயிர் கலந்த குழாயில் குருதிநீர் உறைந்து, சிறிது நேரத்தில் தானே கரைந்துவிட்டதை அவர் கண்டார். உறைந்ததைக் கரைக்கும் அப்பொருளே பின்னர் ஸ்ட்ரெப்டோகைனேஸ் எனப் பெயர் பெற்றது. வாதக் காய்ச்சலாக வந்து இதய வால்வுகளைச் சிதைக்கும் நுண்ணுயிரின் குடும்பத்திலிருந்தே இதயத்தைக் காக்கும் மருந்து கிடைத்தது எத்துணை வியப்பு!

1949-இல் டில்லட்டும் சால் ஷெர்ரியும் நுரையீரலைச் சுற்றி உறைந்த குருதியையும் சீழையும் இம்மருந்தால் கரைத்தனர். 1958-இல் ஷெர்ரியும் அவருடைய தோழர்களும் அதை மாரடைப்பு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தனர். ஆனாலும் அது பரவலாக ஏற்கப்படவில்லை. தமனியில் காணப்படும் உறைகட்டி மாரடைப்பின் காரணமா, விளைவா என்ற சர்ச்சை நீண்டது. விளைவுதான் என்றால் அதைக் கரைத்து என்ன பயன்? மேலும், மருந்தினால் குருதிக்கசிவு நேரும் என்ற அச்சமும் இருந்தது. அடுத்து நடந்த ஆய்வுகளோ சிறியவை; ஒன்றுக்கொன்று முரணானவை.

இதற்கிடையே வேறொரு வினா எழுந்தது. அடைப்பு ஏற்பட்ட பின்னும் தசையின் ஒரு பகுதியையாவது காப்பாற்ற முடியுமா? 1971-இல் பிரான்வால்டும் மரோக்கோவும் நாய்களில் செய்த ஆய்வில், இதயத்தின் வேலைப்பளுவைக் குறைக்கும் மருந்தால் சேதத்தின் அளவு குறைவதைக் கண்டனர். 1977-இல் ரைமரும் ஜென்னிங்ஸும், தசையின் சாவு ஒரே கணத்தில் நிகழ்வதில்லை, உட்புறத்தில் தொடங்கி அலைபோல் மணிக்கணக்கில் வெளிப்புறம் நோக்கிப் பரவுகிறது என்று மெய்ப்பித்தனர். அந்த அலையை முந்திக்கொண்டால் எஞ்சிய தசை பிழைக்கும்!

1980-இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் டிவுட் குழுவினர், மாரடைப்பு தொடங்கிய 4 மணி நேரத்துக்குள் வந்தவர்களின் தமனிகளைப் படமெடுத்துப் பார்த்தனர். 126 பேரில் 110 பேருக்குத் தமனி முற்றிலும் அடைபட்டிருந்தது. உறைகட்டியே காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது.

இறுதித் தீர்ப்பு இத்தாலியிலிருந்து வந்தது. அந்நாட்டின் 176 இதயச் சிகிச்சைப் பிரிவுகள் ஒன்றுகூடி நடத்திய ‘ஜிஸ்ஸி’ ஆய்வின் முடிவு 1986-இல் வெளியாயிற்று. ஒரு மணி நேரத்தில் 15 லட்சம் அலகு ஸ்ட்ரெப்டோகைனேஸ் கையிலுள்ள சிரை வழியே ஏற்றப்பட்டது. 21 நாட்களில் இறந்தோர், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 10.7; பெறாதவர்களில் 13. வலி தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடையே மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 6 மணி நேரம் கடந்து வந்தவர்களுக்கோ குறிப்பிடத்தக்க பயன் இல்லை.

1988-இல் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் 17,187 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ‘ஐசிஸ்-2’ ஆய்வு, எளிய ஆஸ்பிரின் மாத்திரையின் ஆற்றலை வெளிப்படுத்தியது. ஐந்து வாரங்களில் இதய, குருதிக்குழாய் நோயால் இறந்தோர், இரு மருந்துகளும் பெறாதவர்களில் நூற்றுக்கு 13.2; இரண்டும் பெற்றவர்களில் 8.

எல்லா மருந்துகளுக்கும் இத்தகைய வெற்றி கிட்டவில்லை. இதயத்தின் வேலைப்பளுவைக் குறைக்கும் மருந்தை முதல் மணிகளிலேயே சிரை வழியே செலுத்துவது, சிலரை இதயம் செயலிழக்கும் அபாயத்துக்கு உள்ளாக்குகிறது என்று 2005-இல் சீனாவில் நடந்த பேராய்வு எச்சரித்தது. உறைகட்டியைக் கரைக்கும் மருந்தும் சிலருக்கு மூளையில் குருதிக்கசிவை உண்டாக்கும். இன்று வசதியுள்ள இடங்களில் பலூன் மூலம் தமனியைத் திறப்பதே முதல் தேர்வு. உரிய நேரத்தில் அது இயலாத இடங்களில் உறைகட்டியைக் கரைக்கும் மருந்தே இன்றும் உயிர் காக்கிறது.

இவ்வரலாற்றில் அறிஞர்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன. ஆனால் ‘ஜிஸ்ஸி’ ஆய்வில் மருந்து பெறாத பிரிவில் இருந்து இறந்த 758 பேரின் பெயர்களை யார் நினைக்கிறார்கள்? அவர்களை மருத்துவர் எவரும் கைவிட்டுவிடவில்லை. மருந்து நன்மை தருமா, தீமை தருமா என்பதை அன்று உறுதியாக அறிந்தவர் எவருமில்லை. அவர்களையும் மருந்து பெற்றவர்களையும் ஒப்பிட்டதால்தான் உலகம் உண்மையை அறிந்தது. நமக்குக் கிடைக்கும் சிகிச்சை, முன்பின் அறியாதவர்கள் நமக்கு விட்டுச்சென்ற கொடை.

அக்கொடையைப் பெறுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: காலம் தாழ்த்தக்கூடாது. நெஞ்சு வலிக்கும்போது “வாயுத் தொல்லைதான், விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்று வீட்டில் கழிக்கும் ஒவ்வொரு மணியிலும், தசையின் ஒரு பகுதி மீளாமல் போய்க்கொண்டிருக்கிறது. மருந்தைக் கண்டுபிடித்து, அதை நோயாளிக்குக் கொடுக்கத் துணிவதற்கு உலகம் அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. அதைத் தேடிச் செல்ல நாம் ஒரு மணி நேரம்கூடத் தயங்கலாகாது.