டி.வி.எஸ்.: ஒரு குடும்பப் பேருந்து நிறுவனமும் அதன் பெயரும்

நாட்டுப்புறப் போக்குவரத்தின் வரலாறு பொருளியலாருக்கு உரியது என்று மொழியியலார் ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆயினும், மதுரையில் வேரூன்றிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் குடும்ப நிறுவனத்தின் வளர்ச்சியை அறியாதவர், பழைய தமிழ் உரைநடையில் ‘டி.வி.எஸ்.’ என்னும் சொல்லைக் காணுமிடத்துப் பிழைபட மொழிபெயர்க்கக்கூடும். இக்கட்டுரை எழுந்ததற்கு அதுவே காரணம்.

பெயரில் உள்ள ‘டி’ திருக்குறுங்குடியைக் குறிக்கும். திருநெல்வேலிச் சீமையின் அவ்வூரில் 1877இல் பிறந்த சுந்தரம் ஐயங்கார் வழக்குரைஞராகவும், பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றியவர். அவற்றை விடுத்து 1911இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். தஞ்சாவூர் – புதுக்கோட்டைத் தடம் அதன் தொடக்ககாலத் தடங்களுள் ஒன்று. ‘அண்டு சன்ஸ்’ என்ற உறவுமுறைச் சொல் நிறுவனப் பெயரிலேயே இடம்பெற்றது. ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகிய மைந்தர் நால்வரும் ‘டி.எஸ்.’ என்ற தலைப்பெழுத்துகளோடு தொழிலுக்கு வந்தனர். தந்தை பெயர் ‘எஸ்’ ஆகச் சுருங்க, ஊர் ‘டி’ ஆகவே நின்றது. குடும்பம் மதுரையில் நிலைத்த பின்னும் திருக்குறுங்குடி அப்பெயர்களை விட்டு நீங்கவில்லை.

நிறுவனம் வளர்ந்த முறை கருதத்தக்கது. பஸ் தடையின்றி ஓடப் பணிமனை வேண்டும். பணிமனைக்கு உதிரிப்பாகம் வேண்டும். தேய்ந்த டயரைப் புதுப்பிக்க வேண்டும். தன் பஸ்களுக்குத் தேவைப்பட்டவற்றை ஒவ்வொன்றாகத் தொழிலாக்கியதில் இந்நிறுவனம் விரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் விற்பனையும் அவ்வாறே வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் அருகியபோது, கரியை எரித்துப் பெறும் வாயுவால் வண்டியை இயக்கும் கலத்தை இந்நிறுவனமே செய்து விற்றது. காலந்தவறாமை பற்றிய புகழும் இதனோடு சேர்ந்துகொண்டது. அதன் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்ற பேச்சு மதுரைப் பக்கத்து முதியோரிடையே நெடுநாள் வழங்கியது. புகழுரையில் மிகை இருக்கலாம். வண்டி நிரம்பும்வரை காத்திருந்து புறப்படுவது பலரது வழக்கமாயிருந்த காலத்தில் அது வேறுபட்டுத் தோன்றியது என்பதையேனும் அப்பேச்சு காட்டுகிறது.

அந்நாளில் மக்கள் சொன்னவை ‘பஸ்’, ‘மோட்டார்’ என்பனவே. ‘பேருந்து’ பின்னர் நிலைபெற்ற ஆக்கம். இக்கட்டுரைத் தலைப்பில் அதை ஆண்டது இன்றைய வழக்கு நோக்கியே. 1930களின் கதைமாந்தர் வாயில் அதனை வைக்கும் மொழிபெயர்ப்பு எனக்கு உடன்பாடன்று. ஊர்ப்புறத்தார் ‘பஸ்’ என்ற பொதுச்சொல்லையும் விடுத்து, நடத்தும் நிறுவனத்தின் பெயராலேயே வண்டியைச் சுட்டுவர். ‘டி.வி.எஸ். போய்விட்டதா?’ என்ற வினாவில் உள்ளது ஆகுபெயர். அதைக் கருத்தாவாகுபெயர் எனலாமோ என்பது ஐயத்திற்குரியது. நிறுவனம் அவ்வண்டியை இயற்றியதன்று, இயக்கியதே.

1955இல் நிறுவனர் மறைந்தார். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழித் தமிழக அரசு பெரிய நிறுவனங்களின் பஸ்களை ஏற்றது. மதுரையில் 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. பொள்ளாச்சி ஆனைமலைஸ் நிறுவனத்தின் வண்டிகள் சேரன் கழகத்திற்குச் சென்றன. குடும்பப் பெயர்கள் இருந்த இடத்தில் மூவேந்தர் பெயர்கள் வந்தமர்ந்தன. 1997இல் அவையும் நீக்கப்பட்டு, எல்லாம் ‘தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்’ என்ற ஒரே பெயருக்குள் அடங்கின.

பஸ்கள் கைவிட்டுப் போயினும், அவற்றைச் சுற்றி எழுந்த தொழில்கள் குடும்பத்திடம் எஞ்சின. சுந்தரம் ஃபைனான்ஸ் 1954இலும், சுந்தரம் கிளேட்டன் 1962இலும் தோன்றியிருந்தன. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிறு இருசக்கர வண்டி வெளிவந்தது. வண்டி இழந்த பெயரை மற்றொரு வண்டி எடுத்துக்கொண்டது. இவ்வழக்கு கருத்தாவாகுபெயருக்குத் தடையின்றிப் பொருந்தும்.

‘அவன் டி.வி.எஸ்.ஸில் வந்தான்’ என்ற தொடர் 1950களின் கதையில் பஸ்ஸையும், 1985இன் கதையில் இருசக்கர வண்டியையும் குறிக்கும். கதை நிகழும் ஆண்டு தெரியாதவிடத்து வினைச்சொல் துணை செய்யும். ‘டி.வி.எஸ்.ஸைப் பிடித்தான்’ எனின் பஸ், ‘டி.வி.எஸ்.ஸை உதைத்துக் கிளப்பினான்’ எனின் இருசக்கர வண்டி. ‘டி.வி.எஸ்.ஸை விட்டுவிட்டான்’ என்பதில் வினையும் கைகொடுக்காது. பஸ்ஸைத் தவறவிட்டானா, வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு வந்தானா என்பதை அடுத்த தொடரில்தான் தேடவேண்டும்.